மூன்று வாசிப்பும் ஒரு துலாக்கயிறும்

பிள்ளை ஒன்று பிறப்பதற்குப் பத்து மாதம் போதும். சட்டம் ஒன்று பிறப்பதற்கு மூன்று வாசிப்பு வேண்டும். பிள்ளை பிறக்கையில் தாய் அலறுவாள். சட்டம் பிறக்கையில் கனவான்கள் மேசையைத் தட்டுவார்கள். பிறந்த பிள்ளை குரல் கொடுக்காவிட்டால் மருத்துவிச்சி அதைத் தலைகீழாகப் பிடித்து, முதுகில் ஒரு தட்டுத் தட்டி, உயிர் இருக்கிறதா என்று பார்ப்பாள். பிறந்த சட்டத்துக்கு உயிர் இருக்கிறதா என்று பார்க்கும் வழக்கம் மட்டும் சட்டம் செய்யும் எந்த மாமன்றத்திலும் இல்லை. பார்க்காமல் விடுவதும் ஒரு மரபு. மரபை மீறுவது சபையை அவமதிப்பது.

இந்த வேற்றுமையை அறியாமலே நரை கண்டுவிட்ட ஒருவர் மருதனார்மடத்துச் சந்திக்குத் தெற்கே வெங்காயப் பயிர் செய்துகொண்டிருந்தார். பெயர் பஞ்சலிங்கம். வெங்காயம் அவருடைய தொழில். விதிமுறை அவருடைய பக்தி. ஊரின் கிராம முன்னேற்றச் சங்கத்துக்கு நெடுங்காலம் செயலாளராக இருந்தவர். அந்தச் சங்கத்தில் தேநீர் குடிப்பதென்றாலும் ஒருவர் முன்மொழிய வேண்டும், மற்றொருவர் வழிமொழிய வேண்டும். வழிமொழிய ஆள் வராமல் ஆறிப்போன தேநீரை, தாகத்தோடு இருந்த அங்கத்தவர்களின் கண்முன்னே, விதிப்படி மண்ணில் ஊற்றிய செயலாளர் அவர் ஒருவரே.

அவருக்கு ஒரே மகள். அருந்ததி என்று பெயர், ஒன்பது வயது. சிறு வயதிலே வந்த ஒரு காய்ச்சல் போகும்போது அவளுடைய செவிகளைக் கூடவே கொண்டு போய்விட்டது. பின்னர், நாடு இவ்வளவு கெட்டுப்போகாத காலத்தில், புண்ணியவானான ஒரு வைத்தியர் கேட்கும் கருவி ஒன்று கொடுத்தார். நெஞ்சிலே தொங்கும் சிறு பெட்டி. அதிலிருந்து காதுக்குப் போகும் ஒரு வயர். உள்ளே விரற் பருமனில் ஒரு பென்ரோச் பற்றறி. அந்தப் பெட்டியைப் போட்டுக்கொண்டால் அவளுக்கு ஆஞ்சநேயர் கோயில் மணி கேட்கும். தாய் கூப்பிடுவது கேட்கும். குண்டு போடும் பொம்மர் வருவதும் கேட்கும்.

பின்பு போர் முற்றியது. அவர்கள் வாழ்ந்த வடக்குக் குடாநாட்டுக்குள் கொண்டுபோகக் கூடாத பொருட்கள் எவையெவை என்று தலைநகரம் அறிவித்தது. மண்ணெண்ணெய் கூடாது, சீமெந்து கூடாது, உரம் கூடாது. பற்றறி அறவே கூடாது, ஏனெனில் பற்றறியால் குண்டு வெடிக்கவைக்கலாம். பற்றறியால் ஒரு பிள்ளை குண்டிலிருந்து தப்பவும் கூடும் என்பதை அறிவித்தவர்கள் நினைக்கவில்லை. வீட்டிலிருந்த கடைசிப் பற்றறி தைப்பொங்கலை ஒட்டித் தீர்ந்தது. பெட்டி அருந்ததியின் நெஞ்சில் வெறும் பதக்கமாகத் தொங்கியது.

மண்ணெண்ணெய் இல்லாததால் தண்ணீர் இறைக்கும் மிசின்கள் ஊமையாகி, பழைய கிணற்றுத் துலாக்கள் மீண்டும் எழுந்து நின்ற காலம் அது. துலாவுக்கென்று திரித்ததில் மிஞ்சிய நீளக்கயிறு ஒன்று வீட்டில் கிடந்தது. பஞ்சலிங்கத்தின் மனைவி சிவக்கொழுந்து ஒரு காலையில் அந்தக் கயிற்றின் ஒரு தலைப்பை, குண்டுக்குப் பதுங்க வெட்டிய பங்கரின் வாசலில் நட்டிருந்த பனங்குற்றியில் கட்டினாள். மறு தலைப்பை மகளின் இடுப்பில் கட்டினாள். பிள்ளை புல்லுப் பிடுங்கப் போனாலும், வெங்காயம் கட்டப் போனாலும், கயிறும் பின்னால் ஊர்ந்து போகும். வானத்தில் இரைச்சல் எழுந்தவுடன் பங்கருக்கு முதலில் வந்தவர் கயிற்றை இரண்டு தரம் வெடுக்கென்று இழுப்பார். பிள்ளை கையிலிருப்பதைப் போட்டுவிட்டுக் கயிறு காட்டிய வழியே ஓடி வருவாள். எந்த மாமன்றமும் வாசிக்காத இந்த ஏற்பாடு ஒரு தடவைகூடத் தவறவில்லை.

தவறவில்லையே தவிர, பஞ்சலிங்கத்துக்கு அது பொறுக்கவும் இல்லை. ஒழுங்கையால் போன பிள்ளைகள் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, “மே... மே...” என்று ஆட்டுக்குட்டி போலக் கத்தினார்கள். அருந்ததிக்கு அது கேட்கவில்லை. ஆனால் அவர்களுடைய வாய் போன போக்கு விளங்கியது. அன்று அவள் சோறு தின்னவில்லை.

மறுநாள் பஞ்சலிங்கம் வேட்டியை மாற்றிக்கொண்டு அரச கந்தோருக்குப் போனார். அங்கிருந்த உத்தியோகத்தர் அனுதாபத்தோடு கையை விரித்தார்.

“பாவம்தான் ஐயா. ஆனால் சட்டத்திலை இடமில்லை.”

“அப்ப, இடம் எடுக்கிறதெண்டால் என்ன செய்யவேணும்?”

உத்தியோகத்தர் சிரித்தார். “மாமன்றம் புதுச் சட்டம் ஒண்டு செய்யவேணும்.”

அவர் அதைப் பகிடியாகச் சொன்னார். பஞ்சலிங்கம் அதை வழிகாட்டலாக எடுத்துக்கொண்டு வீடு வந்தார்.

“இஞ்சருங்கோ, உங்களுக்கு விசரே?” என்றாள் சிவக்கொழுந்து. “சனமெல்லாம் பாணுக்குள்ளை ஒளிச்சு வைச்சுப் பற்றறி கொண்டு வருது. நீங்கள் ஒரு றாத்தல் பாண் வாங்கிறதை விட்டிட்டு மாமன்றத்தை வாங்கப் போறியளே?”

“களவாய் வந்த பற்றறியிலை என்ரை பிள்ளை கோயில் மணி கேக்கக்கூடாது. வாறது சட்டத்தோடை வரட்டும்.”

“சட்டத்தோடை வாறது எப்பவும் பொலிஸ்தான்.”

“உனக்கு உதுகள் விளங்காது. ஒழுங்காய் முன்மொழிஞ்சு, ஒழுங்காய் வழிமொழிஞ்சால், ஆரும் மறுக்கேலாது.”

சிவக்கொழுந்து வெங்காயப் பிடி ஒன்றை அவிழ்த்தாள். கணவருடைய பயணப் பைக்குள் வெங்காயம் கொஞ்சம் போட்டாள். மாமன்றத்தாருக்கும் வயிறு இருக்கும் என்பது அவளுடைய நம்பிக்கை.

பஞ்சலிங்கம், குடாநாட்டைக் கையில் வைத்திருந்த இந்தப் பக்கத்தார் தந்த அனுமதியோடு கடல்நீரேரியைக் கடந்தார். அந்தப் பக்கத்தார் தந்த அனுமதியோடு தலைநகர் சேர்ந்தார். ஏன் போகிறாய் என்று இரு பக்கத்தாரும் கேட்டார்கள். சட்டம் செய்யப் போகிறேன் என்ற விடையைக் கேட்டு இரு பக்கத்தாரும் ஒரே மாதிரிச் சிரித்தார்கள். அந்த ஆண்டிலே இரு தரப்பும் உடன்பட்ட விடயம் அது ஒன்றுதான்.

தலைநகரில் அவருக்கு ஒதுங்க இடம் கொடுத்தவர் சிவக்கொழுந்தின் ஒன்றுவிட்ட தம்பி ஆழ்வாப்பிள்ளை, கரவெட்டியைச் சேர்ந்தவர். மாமன்றத்தில் உரைபெயர்ப்பாளர் வேலை. ஒரு மொழியில் உறுப்பினர் பேசுவதைக் கண்ணாடிக் கூட்டுக்குள் இருந்து உடனுக்குடன் தமிழாக்கிச் சொல்ல வேண்டும். ஒவ்வோர் ஆசனத்திலும் ஒரு காதுக்கவசம் தொங்கும். மாட்டிக்கொண்டால் அவருடைய குரல் கேட்கும்.

“எத்தினை பேர் உம்மடை குரலைக் கேக்கிறவை?” என்று பஞ்சலிங்கம் மதிப்போடு கேட்டார்.

“நித்திரை கொள்ளுற ஆக்கள் எல்லாரும் மாட்டுவினம், அத்தான். மற்றவையின்ரை பேச்சுக் காதிலை விழாமல் இருக்கிறதுக்கு. நான் உள்ளே சுவிச்சைப் போட மறந்த நாளிலும் ஒருதரும் முறைப்பாடு சொல்லேல்லை.”

குடாநாட்டுக்கென்று இருந்த ஆசனங்களிற் பலவற்றில் அப்போது தூசிதான் அமர்ந்திருந்தது. ஆதலால் ஆழ்வாப்பிள்ளை தம் அத்தானை வேறொரு மாவட்டத்து உறுப்பினராகிய செபநாயகத்திடம் அழைத்துப் போனார். செபநாயகம் நாவன்மைக்குப் பேர்போனவர். அவர் பேசத் தொடங்கினால் மாமன்றத்து மின்விசிறிகளும் நின்று கேட்கும் என்பார்கள். மின்வெட்டு என்று சொல்வாரும் உளர். அருந்ததியின் கதையைக் கேட்டு அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“ஐயா, உங்கடை பிள்ளைக்கு இனி நான்தான் காது. என்ரை தொண்டையை உங்களுக்குத் தாறன்.”

தொண்டை உடனே கிடைத்தது. சட்டமூலம் வரைவதற்குத்தான் காலம் சென்றது. ஒரு வரியில் முடியக்கூடிய விடயத்தை வரைஞர்கள் பதினான்கு பிரிவுகளாக விரித்து, அதற்கு ஒரு பெயரும் சூட்டினார்கள்: ‘செவிப்புலன் குன்றியோர் மின்கல (கொண்டுசெல்லல், கட்டுப்பாடு, மேற்பார்வை) விசேட ஏற்பாடுகள் சட்டமூலம்.’ அது அரசிதழான வர்த்தமானியில் வெளியானது. எதிர்ப்புள்ள பொதுமக்கள் ஒரு கிழமைக்குள் எதிர்ப்பைத் தெரிவிக்கலாம் என்று அறிவித்தார்கள். அந்த வர்த்தமானி கப்பலேறிக் குடாநாட்டுக்கு வந்து சேருமுன்னரே கிழமை முடிந்துவிட்டது. குடாநாட்டு மக்கள் எவரும் எதிர்க்கவில்லை என்று சபை திருப்தியோடு பதிந்துகொண்டது.

முதலாம் வாசிப்பு நாள். பஞ்சலிங்கம் நீறு பூசி, சலவை வேட்டியும் சால்வையுமாக, பார்வையாளர் மாடத்தில் முன் வரிசையில் அமர்ந்தார். சட்டமூலத்தை முழுவதுமாக வாசிப்பார்கள், மகளின் துயரம் சபை நடுவே ஒலிக்கும் என்று எதிர்பார்த்திருந்தார். செயலாளர் எழுந்து சட்டமூலத்தின் பெயரை மட்டும் வாசித்துவிட்டு அமர்ந்தார். அவ்வளவுதான் வாசிப்பு. இரண்டாம் வாசிப்பில் வாசிப்பதில்லை, பேசுவார்கள். மூன்றாம் வாசிப்பில் பேசுவதுமில்லை என்று பிற்பாடு ஆழ்வாப்பிள்ளை விளக்கினார். சங்கக் கூட்டத்தில் கடந்த கூட்ட அறிக்கையை ஒரு வரி விடாமல் வாசித்துப் பழகிய பஞ்சலிங்கத்துக்கு இது புதுமையாக இருந்தது. ஆனாலும் பெரிய இடம், பெரிய வழக்கம் என்று தம்மைத் தேற்றிக்கொண்டார்.

இரண்டாம் வாசிப்பு அன்று விபரீதம் ஒன்று நேர்ந்தது. செபநாயகம் எழுந்து சட்டமூலத்தை முன்மொழிந்தார். வழிமொழிபவர் யார் என்று சபாநாயகர் வினவினார். சபை அசையவில்லை. சிலர் பத்திரிகை பார்த்தார்கள். சிலர் காதுக்கவசத்தோடு கண்ணயர்ந்திருந்தார்கள். வழிமொழிய ஆளில்லையேல் சட்டமூலம் அங்கேயே சாகும். பஞ்சலிங்கத்தின் கண்முன்னே எத்தனையோ ஆறிப்போன தேநீர்கள் மண்ணில் ஊற்றுண்டன. முப்பது ஆண்டுச் சங்கப் பழக்கம் அவருடைய கால்களைப் பிடித்து நிமிர்த்தியது.

“நான் வழிமொழியிறன்!” என்று மாடத்தில் எழுந்து நின்று முழங்கினார்.

காவலர்கள் பாய்ந்து வந்தார்கள். இந்தக் களேபரத்தில் கீழே தூங்கிக்கொண்டிருந்த உறுப்பினர் ஒருவர், தீப்பிடித்துவிட்டதோ என்று திடுக்கிட்டு எழுந்து நின்றார். சபாநாயகர் அவரைச் சுட்டி, கௌரவ உறுப்பினர் வழிமொழிந்துள்ளார் என்று அறிவித்தார். கௌரவ உறுப்பினர் மீண்டும் அமர்ந்து, விட்ட இடத்திலிருந்து தூங்கினார். இவ்வாறாக அந்தச் சட்டமூலம் உயிர் தப்பியது.

பஞ்சலிங்கத்தை வெளியே தள்ளப் போனார்கள். ஆழ்வாப்பிள்ளை ஓடிவந்து பிணை நின்றார். சபாநாயகர் பெருந்தன்மையோடு எச்சரித்து விட்டார்: “பார்வையாளர் இங்கே பேசலாகாது. உங்களுக்குக் கேட்கும் உரிமை மட்டுமே உண்டு.”

“அந்த உரிமையைக் கேட்டுத்தான் ஐயா நானும் வந்தனான்,” என்றார் பஞ்சலிங்கம் தாழ்மையோடு. அதை ஒருவரும் மொழிபெயர்க்கவில்லை.

பின்னர் செபநாயகம் பேசினார். செவியின் பெருமை பற்றிப் பேசினார். யானையின் செவி பற்றியும், மன்னர்களின் ஆராய்ச்சி மணி பற்றியும், தாயின் தாலாட்டைக் கேட்டு வளரும் இனத்தின் வீரம் பற்றியும் பேசினார். மூன்று முறை தண்ணீர் குடித்தார். மதிய போசனம் வரை நீண்ட அந்தப் பேருரையில் பற்றறி என்ற சொல் மட்டும் வரவில்லை. பேசி முடித்தவுடன் சிற்றுண்டிச்சாலைக்குப் போய்விட்டார். மறுநாட் பத்திரிகையில், உயர்த்திய கையோடு அவருடைய படம் வந்தது.

பொறுப்பான அமைச்சர் பதிலளிக்க எழுந்தார். ஆழ்வாப்பிள்ளையின் தளர்ந்த குரல் மாடத்து ஒலிபெருக்கியில் தமிழாக வந்தது:

“கௌரவ சபாநாயகர் அவர்களே! இந்த அரசு செவிடர்களுக்கு எதிரானது என்று கூறப்படுவதை நான் வன்மையாக மறுக்கிறேன். செவிட்டுத்தன்மையை எங்களைப்போல உள்ளிருந்து உணர்ந்த அரசு இதற்குமுன் இருந்ததில்லை. (மேசை தட்டல்.) அந்தச் சிறுமியை நான் கருணையோடு நினைத்துப் பார்க்கிறேன். குண்டுச் சத்தம் கேளாமல் அந்தக் குடாநாட்டில் நிம்மதியாக உறங்கும் ஒரே பிரசை அவள். அந்த நிம்மதியைக் குலைக்கும் பாவத்தை இச்சபை செய்யலாமா? மேலும், எமது வானூர்திகள் பொதுமக்கள்மீது குண்டு போடுவதே இல்லை. போடாத குண்டின் ஓசையைக் கேட்பதற்கு மின்கலம் எதற்கு? எனினும், உலகம் நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. ஆகவே இச்சட்டமூலத்தைக் கொள்கையளவில் ஏற்கிறேன். கொள்கையளவில் ஏற்பதால் எவருக்கும் தீங்கு நேர்ந்ததாக வரலாறு இல்லை.”

வாக்கெடுப்புக்கு மணி ஒலித்தது. நீண்ட, கூரிய மணி. சிற்றுண்டிச்சாலையிலிருந்தும் தாழ்வாரங்களிலிருந்தும் உறுப்பினர்கள் கடித்த றோலோடும் குடித்த கோப்பையோடும் ஓடிவந்தார்கள். எதற்கு வாக்கு என்று ஒருவரையொருவர் கேட்டார்கள். முன்னால் இருந்தவர் கை தூக்கியதைப் பார்த்துத் தாமும் தூக்கினார்கள். பஞ்சலிங்கம் அந்த ஓட்டத்தைக் கண் கலங்கப் பார்த்துக்கொண்டிருந்தார். மணி கேட்டதும் ஓடிவரக் கூடியவர்கள் எவ்வளவு கொடுத்துவைத்தவர்கள்! பங்கருக்கு ஓடும் கால்களில் தம் மகளின் கால்களும் இனிக் கயிறில்லாமல் ஓடும் என்று எண்ணி நெஞ்சு நிறைந்தார்.

அடுத்தது குழுநிலை. கசாப்புக்கடைக்காரன் ஆட்டைப் பார்ப்பது போலச் சட்டமூலத்தைப் பிரிவு பிரிவாகப் பார்க்கும் நிலை அது. ஒருவர், ஒரு காதுக்கு முழுப் பற்றறி எதற்கு, அரைப் பற்றறி போதாதா என்று கேட்டார். அரைப் பற்றறி உற்பத்தியாவதில்லை என்று அதிகாரிகள் உறுதிசெய்யும்வரை சபை ஒத்திவைக்கப்பட்டது. இன்னொருவர், கேட்கும் காதுடையோர் செவிடராக நடித்துப் பற்றறி பெற்றுவிடுவர் என்று அஞ்சி, ஒரு திருத்தம் கொண்டுவந்தார்: விண்ணப்பதாரரை அலுவலர் மூன்று முறை பெயர் சொல்லி அழைக்க வேண்டும், அழைப்புக்கு விடை வராவிடில், விண்ணப்பம் கைவிடப்பட்டதாகக் கருதப்படும். கேட்டால் செவிடு அல்ல. கேளாவிட்டால் விண்ணப்பம் இல்லை. மோசடிக்கு இதைவிட இறுக்கமான பூட்டு இல்லை என்று இரு தரப்பும் பாராட்டின.

கடைசித் திருத்தத்தை அமைச்சரே கொண்டுவந்தார். அந்த நேரம் ஆழ்வாப்பிள்ளை தேத்தண்ணி குடிக்கப் போயிருந்தார். அவருக்குப் பதிலாகக் கூட்டுக்குள் அமர வேண்டியவரும் அவரோடு போயிருந்தார். ஒருவரும் கேளாத உரையை ஒருவரும் பெயர்க்காமல் விட்டால் யாருக்கு நட்டம்? ஆகவே அமைச்சர் சொன்னதைப் பஞ்சலிங்கம் விளங்கிக்கொள்ளவில்லை. அவர் சொன்னது இதுதான்: பாதுகாப்பைக் கருதி, குடாநாட்டுக்குக் கொண்டுசெல்லப்படும் ஒவ்வொரு மின்கலமும், அதனுள் அடங்கிய மின்சக்தி முழுவதும் வெளியேற்றப்பட்ட பின்னரே விண்ணப்பதாரரிடம் கையளிக்கப்பட வேண்டும்.

எதிர்க்கட்சி மேசையைத் தட்டியது. ஆளுங்கட்சியும் தட்டியது. எல்லாரும் தட்டுவதைக் கண்ட பஞ்சலிங்கம், எச்சரிக்கையை நினைந்து கை தட்டாமல், சால்வைக்குள்ளே இரண்டு கைகளையும் கூப்பிக்கொண்டார்.

மூன்றாம் வாசிப்பில் ஒருவரும் ஒன்றையும் வாசிக்கவில்லை. தமிழ்ப் பிரதி அச்சாகி வரக் காலம் செல்லும் என்றார்கள், ஆகவே பஞ்சலிங்கமும் வாசிக்கவில்லை. சபாநாயகர் சான்றுரை எழுதிக் கையொப்பமிட்டார். சட்டமூலம் சட்டமாயிற்று. அது இன்றுவரை நீக்கப்படவில்லை. அதை எவரும் மீறியதாக ஒரு வழக்கும் இல்லை.

வெங்காயம் நட்ட பருவத்தில் வீட்டை விட்டு வந்த பஞ்சலிங்கம், அதை மண்ணிலிருந்து கிளப்பும் பருவத்தில், சட்டத்தின் பயனைப் பெறுவதற்காக அமைச்சுக் கந்தோர் ஒன்றின் வாசலில் நின்றார். அங்கே பொறுப்பாக இருந்தவர் சோமசேகரம் என்னும் அதிகாரி. அவர் எழுந்து நின்று, விதிப்படி, வெறுமையை நோக்கி அழைத்தார்.

“அருந்ததி பஞ்சலிங்கம்! அருந்ததி பஞ்சலிங்கம்! அருந்ததி பஞ்சலிங்கம்!”

“ஓம், ஐயா, இருக்கிறா,” என்றார் தகப்பன்.

“விடை வந்தது. விண்ணப்பதாரருக்குக் கேட்கவில்லை,” என்று சோமசேகரம் மனநிறைவோடு குறித்துக்கொண்டார்.

அவருடைய மேசைமேல் ஒரு பற்றறியில் வயர் பூட்டி, சின்னஞ்சிறு பல்பு ஒன்று எரிந்துகொண்டிருந்தது. பஞ்சலிங்கம் அதை ஆவலோடு பார்த்தார்.

“பரிசோதனையோ, ஐயா?”

“அப்பிடியும் சொல்லலாம். சட்டப்படி செய்யிறம்.”

“நல்லாய் எரியுது.”

“ஓம். முந்தநாளிலை இருந்து எரியுது. உதாலைதான் தாமதம்.”

“நல்ல சாமான் எண்டால் உப்பிடித்தான் ஐயா, லேசிலை நூராது,” என்று பஞ்சலிங்கம் பெருமையோடு சொன்னார். மாதிரிக்கு ஒன்றை எரித்துப் பார்க்கிறார்கள், அதே பெட்டியிலிருந்து புதிது ஒன்றைத் தமக்குத் தருவார்கள் என்பது அவருடைய எண்ணம். அரசாங்கம் இவ்வளவு அக்கறையோடு பரிசோதிக்கும் என்று சிவக்கொழுந்துக்குச் சொன்னால் நம்பமாட்டாளே என்றும் எண்ணினார். சோமசேகரம் நிமிர்ந்து அவருடைய முகத்தைப் பார்த்தார். எதையோ சொல்ல வாயெடுத்தார். அதைச் சொல்வதற்குச் சட்டத்தில் இடமில்லை என்பது நினைவுக்கு வந்தது போலும். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, “நாளைக்கு வாங்கோ,” என்றார்.

மறுநாள் மேசையில் பல்பு ஒளியின்றி நூர்ந்திருந்தது. பஞ்சலிங்கத்தின் கையில் அரக்கு முத்திரையிட்ட சிறு பொதி ஒன்று வந்து சேர்ந்தது. பாவனையாளரின் முன்னிலையில் மட்டுமே முத்திரையை உடைக்கலாம் என்று அதில் எழுதியிருந்தது. அவர் அதைச் சால்வையில் முடிந்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வடக்கே புறப்பட்டார்.

சோதனைச்சாவடியில் அந்த முத்திரைப் பொதியை வைத்துக்கொண்டு பெரியவனுக்கும் அவனுக்கு மேற்பட்டவனுக்கும் செய்தி அனுப்பினார்கள். பஞ்சலிங்கம் வெயிலில் நின்றார். அவருக்குப் பின்னால் நின்ற கொழும்புத்துறைப் பெண்ணொருத்தி இரண்டு றாத்தல் பாணைக் கையில் பிடித்தபடி, ஒரு கேள்வியுமில்லாமல் கடந்து போனாள். சற்றுப் பின்னர் பொதியோடு அவரையும் விட்டார்கள். இரு தரப்புக்கும் நடுவே, எவருக்கும் சொந்தமில்லாத வெட்டை வெளியில், அவள் நடையைத் தளர்த்தி அவரோடு சேர்ந்துகொண்டாள்.

“அண்ணை, ஆருக்குப் பற்றறி?”

“மகளுக்கு. காது மிசினுக்கு.”

அவள் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுப் பாணைத் தட்டிக் காட்டினாள். “இதுக்குள்ளை நாலு கிடக்கு. ஒண்டு தாறன், கொண்டு போங்கோ. பிள்ளைக்கெண்டு கேட்டால் இல்லையெண்டு சொல்ல மனம் வராது.”

“வேண்டாம் தங்கச்சி,” என்றார் பஞ்சலிங்கம். “என்னட்டைச் சட்டம் இருக்கு.”

அவள் அவரை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு முன்னால் நடந்து போனாள்.

வீட்டு முற்றத்தில் பஞ்சலிங்கம் மகளைக் கதிரையில் இருத்தி, பாவனையாளரின் முன்னிலையில் முத்திரையை உடைத்தார். பற்றறி புத்தம் புதிது போலப் பளபளத்தது. அதைப் பெட்டிக்குள் இட்டார். வயரை அவளுடைய காதில் பொருத்தினார். அவளுக்கு முன்னே குந்தியிருந்து கேட்டார்.

“பிள்ளை, கேக்குதோ?”

அருந்ததி தகப்பனுடைய உதடுகளைப் பார்த்தாள். உதடுகளை வாசிக்க அவள் எப்போதோ பழகிவிட்டாள். அந்த வீட்டில் உண்மையான வாசிப்பு அது ஒன்றுதான். பிறகு அவருடைய முகத்தைப் பார்த்தாள். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. கண்களில், அவள் ஒருநாளும் கண்டிராத ஒரு வெளிச்சம். அவளுடைய இடுப்பிலோ கயிறு உராய்ந்த தழும்பு எரிந்தது. வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்த வாய்கள் நினைவுக்கு வந்தன.

“ஓம் அப்பா,” என்றாள். “கேக்குது.”

சிவக்கொழுந்து சந்தேகக்காரி. ஓசைப்படாமல் மகளின் முதுகுப்புறமாகப் போய் நின்று, “அருந்ததி!” என்று கூப்பிட்டாள். பஞ்சலிங்கத்தின் கண் தன்னையறியாமல் மனைவியிடம் போனது. அப்பாவின் கண் போன பக்கம் அருந்ததி சிரித்தபடி திரும்பினாள். சிவக்கொழுந்து தலையில் கை வைத்துக்கொண்டு, “அம்மாளாச்சி!” என்று அழுதாள்.

பஞ்சலிங்கம் தம் கையாலேயே மகளின் இடுப்புக் கயிற்றை அவிழ்த்தார்.

“கயிறு கிடக்கட்டுமே,” என்றாள் சிவக்கொழுந்து. “கொஞ்ச நாளைக்கெண்டாலும் கிடக்கட்டும்.”

“சட்டம் இருக்கேக்கை கயிறு எதுக்கப்பா? பெத்த பிள்ளையை ஆடு மாதிரிக் கட்டி வைச்ச காலம் இண்டையோடை முடிஞ்சுது.”

மறுநாட் காலை வெங்காயம் கிளப்பினார்கள். பஞ்சலிங்கம் கிணற்றடியில் நின்றார். சிவக்கொழுந்து பங்கருக்குப் பக்கத்தில் வெங்காயத்தை வெயிலில் பரப்பிக்கொண்டிருந்தாள். அருந்ததி தோட்டத்தின் மறு எல்லையில், கயிறு ஒருநாளும் எட்டியிராத இடத்தில், அவர்களுக்கு முதுகு காட்டி அமர்ந்து வெங்காயத்தைப் பிடி பிடியாகக் கட்டிக்கொண்டிருந்தாள். பெட்டி நெஞ்சில் தொங்கியது. தனக்கே கேளாத ஏதோவொரு பாட்டை, இராகம் பிசகி, உரத்துப் பாடிக்கொண்டிருந்தாள்.

மேற்கு வானத்தில் இரைச்சல் எழுந்தது.

பஞ்சலிங்கம் முதலில் அசையவில்லை. பிள்ளை எழுந்து ஓடப்போகிறாள், சட்டம் தன் வேலையைச் செய்யப்போகிறது என்று ஒரு கணம் காத்து நின்றார். பிள்ளை பாடிக்கொண்டிருந்தாள்.

“அருந்ததி!”

கேட்கும் காதுகளிடம் மாதக்கணக்காகக் கேட்டுக் களைத்த அந்த மனிதர், கேளாத ஒரு காதை நோக்கித் தம் உயிரெல்லாம் திரட்டிக் கத்தினார். கத்திக்கொண்டே ஓடினார். வரம்பு தடுக்கி விழுந்தார், எழுந்து ஓடினார். அவர் ஓட வேண்டிய தூரத்தைவிட வானம் கிட்டவாக இருந்தது.

பங்கர் வாசலில் சிவக்கொழுந்தின் கை, பழகிய பழக்கத்தில், பனங்குற்றியில் கட்டியிருந்த கயிற்றைத் தேடிப் பிடித்தது. இரண்டு தரம் வெடுக்கென்று இழுத்தாள்.

கயிறு இலேசாக வந்தது.